மூன்று தொட்டி போகன்வில்லா: பெயரைக் கண் சொல்லுமா, டிஎன்ஏ சொல்லுமா?

லாஸ்பேட்டை மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மலர்க் கண்காட்சியில் எங்கள் மாடித்தோட்டக் குழு காகிதப்பூக்களை மட்டும் தனி வரிசையாக வைக்கப் போகிறது. புதுச்சேரியில் வெள்ளைக்கார வீதி மதில் எல்லாவற்றிலும் இந்தப் பூதான் தொங்குகிறது. பார்க்க வருகிறவர்களும் முதலில் இதன் பெயரைத்தான் கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு தொட்டியிலும் சரியான ரகப் பெயர் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிக்கல் மூன்று தொட்டியில். முதல் தொட்டி அடுக்குப் பூ, கருஞ்சிவப்பு. ‘மஹாரா’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது தொட்டியை இன்னொரு இடத்தில் ‘மணிலா மேஜிக் ரெட்’ என்ற பெயரில், புது வரவு என்று கூடுதல் விலைக்கு வாங்கினேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. மூன்றாவது ‘மேரி பால்மர்’. ஒரே செடியில் வெள்ளையும் மெஜந்தாவும் பூக்கும், தெரியும் அல்லவா? அதில் இந்த வருடம் ஒரு பக்கக் கிளை வாட்டசாட்டமாக வளர்ந்து, முழுக்க மெஜந்தாவாக மட்டும் பூக்கிறது. வெள்ளை ஒன்றுகூட இல்லை. இந்தக் கிளையில் குச்சி எடுத்து வளர்த்தால் அது மேரி பால்மரா, வேறா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோரிமேடு செம்மண் எழுதியது:

அக்கா, கண்ணால் பார்த்து எத்தனை நாள் விவாதிப்பது? இலையைக் கிள்ளி ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். டிஎன்ஏ ஒன்றாக இருந்தால் ஒரே ரகம், வேறாக இருந்தால் வேறு ரகம். வெயில், உரம், தண்ணீர் எதை மாற்றினாலும் பூ நிறம் மாறுகிறது, டிஎன்ஏ மாறாது. என் வீட்டிலேயே ஒரே செடியின் இரண்டு குச்சிகள், ஒன்று செம்மண் தரையிலும் ஒன்று தொட்டியிலும், இரண்டு நிறம் போலத் தெரிகின்றன. கண்ணை நம்பிப் பெயர் வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

---

வண்டிப்பாளையம் நர்சரி எழுதியது:

கடலூரில் இருந்து எழுதுகிறேன். வியாபாரத்தில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு படித்தவர்கள் பேசுங்கள்.

இந்தப் பக்கத்து நர்சரிகளுக்குப் பெரும்பாலும் ஆந்திராவின் நர்சரி ஊரான கடியத்திலிருந்து லாரி லோடு வரும். நூறு கவருக்கு நாலு சீட்டு ஒட்டியிருக்கும். இறக்கும்போது அதிலும் பாதி உதிர்ந்துவிடும். இறக்கியவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதுதான் அன்று முதல் அந்தச் செடியின் பெயர். அடுக்குப் பூ போகன்வில்லாவுக்கு மட்டும் என் காதில் விழுந்த பெயர்கள் நிறைய. வெளிநாட்டில் ஒரு பெயரில் விற்பார்கள், அதே செடி இங்கே வேறு பெயரில் வரும். வாங்குகிறவர் இரண்டு பெயரைப் பார்த்து இரண்டையும் வாங்கிப் போவார். அது நியாயமில்லை என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் தம்பி, நிறத்தைக் கண் ஏமாற்றும் என்பது முழு உண்மை இல்லை. எப்போது பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ‘மிசஸ் மெக்லீன்’ வாங்கிப் போனவர்கள், “ஆரஞ்சு என்று கொடுத்தீர்கள், பிங்க் ஆகிவிட்டது” என்று திரும்ப வருவார்கள். அது மலர்ந்த புதிதில் ஆரஞ்சு, வயதாக ஆக பிங்க் பக்கம் போகும். அதுவே அந்த ரகத்தின் அடையாளம்.

---

முத்தியால்பேட்டை வாத்தியார் எழுதியது:

தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நர்சரி நண்பர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். நிறம் என்பது கடைசியாகப் பார்க்க வேண்டியது. எல்லோரும் முதலில் அதைப் பார்ப்பதால்தான் இத்தனை குழப்பம்.

நாம் பூ என்று சொல்லும் வண்ணத்தாள் பூவடிச் செதில். உண்மையான பூ அதன் நடுநரம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய குழாய். மேலே சின்ன வெள்ளை நட்சத்திரம் போல விரியும். மூன்று செதில், மூன்று பூ, ஒரு கொத்து. ஒரு நல்ல கைலென்ஸை எடுத்துக்கொண்டு அந்தக் குழாயைப் பாருங்கள். காட்டினத்தின் வரலாறு அதில் இருக்கிறது. தோட்டங்களுக்கு வந்த காட்டினங்கள் முக்கியமாக மூன்று. ஸ்பெக்டாபிலிஸில் குழாய் முழுக்க நீளமான மயிர், இலையிலும் மயிர், முள் பெரிதாக வளைந்திருக்கும். கிளாப்ராவில் குழாயின் அடி சற்று உப்பி, ஐந்து பட்டையாக, மேல்நோக்கி வளைந்த குட்டை மயிரோடு இருக்கும், இலை வழவழப்பு. பெருவியானாவில் குழாய் ஒல்லி, மயிர் அநேகமாக இல்லை, இலை அகலமாக மெல்லியதாக இருக்கும். நான்காவதாக நாம் பட்டியானா என்று சொல்வது கிளாப்ராவும் பெருவியானாவும் கலந்த கலப்பு. கொலம்பியாவின் கார்த்தஹேனாவிலிருந்து 1910இல் டிரினிடாடுக்குக் கொண்டுபோகப்பட்ட ‘மிசஸ் பட்’ என்ற செடியிலிருந்து வந்த பெயர் அது. அகன்ற இலை, வட்டமான செதில்.

ஒரு செடியை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே அளவுத் தொட்டியில், ஒரே மண்ணில், ஒரே வெயிலில், குறைந்தது ஒரு பூப்பருவமாவது வளர்க்க வேண்டும். நம் ஊரில் ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு, தண்ணீரைக் குறைத்தால் கொட்டிப் பூக்கும். அப்போது பார்ப்பது நல்லது. அன்று விரிந்த செதிலோடு அன்று விரிந்த செதிலை மட்டும் ஒப்பிடுங்கள். நிறத்துக்கு லண்டன் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் வண்ண அட்டை இருக்கிறது, 1966 முதல் அச்சாகிறது. விசிறி போல விரியும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை இருக்கும், அதன் வழியே பூவைப் பார்த்து ஒப்பிடலாம். வடக்குப் பக்க வெளிச்சத்தில் பார்ப்பது முறை. விலை அதிகம்தான், குழுவாக ஒன்று வாங்கினால் போதும். “ரோஸ்”, “டார்க் ரோஸ்”, “ராணி கலர்” என்று எழுதிவைத்தால் அடுத்த வருடம் எழுதியவருக்கே புரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். மெஜந்தா செதிலை நீரில் கசக்கி எலுமிச்சை பிழிந்தால் நிறம் அப்படியே நிற்கும். சங்குப்பூவில் பிழிந்தால் நீலம் ஊதாவாகிவிடும். சங்குப்பூவில் இருப்பது ஆந்தோசயனின். போகன்வில்லாவில் இருப்பது பீட்டாலெயின், பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை. சிவப்பு-ஊதாவுக்கு பீட்டாசயனின், மஞ்சள்-ஆரஞ்சுக்கு பீட்டாசாந்தின். இரண்டும் எந்த அளவில் கலக்கின்றன என்பதைப் பொறுத்தே இத்தனை நிறம். வெள்ளையில் இரண்டுமே உருவாவதில்லை. வாசலில் தானாக முளைக்கும் அந்திமந்தாரையும் இதே குடும்பம், இதே சாயம்.

---

லாஸ்பேட்டை மாடி எழுதியது:

நன்றி ஐயா. லென்ஸ் வாங்கிவிட்டேன். கண்ணுக்கு முன்னால் இருந்ததை இத்தனை நாள் யாரும் இப்படிப் பார்க்கச் சொல்லவில்லை.

முதல் இரண்டு தொட்டியிலும் குழாயே கிடைக்கவில்லை! ஒரு கொத்தைப் பிரித்துக்கொண்டே போனேன். செதிலுக்குள் செதில், அதற்குள் இன்னும் சின்னச் செதில், நடுவில் பச்சை கலந்த முனை. வெள்ளை நட்சத்திரம் எங்கேயும் இல்லை. இன்னொன்று, இரண்டிலும் பழைய கொத்து உதிரவே இல்லை. காய்ந்து பழுப்பாகிக் கிளையிலேயே நிற்கிறது. மேரி பால்மரில் பழையது தானாகப் பறந்து போய்விடுகிறது, மாடியெல்லாம் பெருக்க வேண்டியிருக்கிறது. இலை, முள், செதில் நிறம் மூன்றிலும் முதல் தொட்டிக்கும் இரண்டாவது தொட்டிக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

---

சிதம்பரம் ஆய்வு எழுதியது:

வணக்கம். மலர்ப் பயிர்களில் ஆய்வு செய்யும் மாணவி. இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கா பார்த்தது சரி. அடுக்கு ரகத்தில் பூ இருக்க வேண்டிய இடத்தில் செதில்கள் வந்துவிடும். உதிர்வதற்கான ஏற்பாடும் போய்விடும், அதனால்தான் காய்ந்து நிற்கிறது. ‘மணிலா மேஜிக் ரெட்’ என்பது ‘மஹாரா’வின் இன்னொரு விற்பனைப் பெயர்தான். ‘மஹாரா’ பிலிப்பைன்ஸில் ‘மிசஸ் பட்’ செடியின் ஒரு கிளையில் தோன்றியது. அதே ‘மஹாரா’வில் பின்னால் ஒரு கிளை வெளிர் ரோஸாகப் பூத்தது, அதுதான் ‘லாஸ் பான்யோஸ் பியூட்டி’. இப்படி ஒரு மொட்டில் திடீர்மாற்றம் வந்து, அந்த மொட்டிலிருந்து எழும் கிளை மட்டும் வேறாகத் தெரிவதை நர்சரியில் ஸ்போர்ட் என்பார்கள். ‘மிசஸ் மெக்லீன்’ கூட ‘மிசஸ் பட்’டின் ஸ்போர்ட்தான்.

இப்போது கோரிமேடு அண்ணாவின் கேள்விக்கு வருகிறேன். டிஎன்ஏ மார்க்கர் என்பது செடியின் டிஎன்ஏ முழுவதையும் படிப்பது அல்ல. இளந்தளிரை அரைத்து, சிடிஏபி என்ற கரைசலில் டிஎன்ஏவைப் பிரித்தெடுப்போம். பிறகு பிசிஆர் இயந்திரத்தில் குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் கோடிக்கணக்கில் பிரதி எடுத்து, ஜெல்லில் ஓட்டினால் அளவுக்கு ஏற்பப் பட்டைகள் பிரிந்து நிற்கும். ஆர்ஏபிடி முறையில் எந்த இடம் என்று தெரியாமலே, பிரைமர் என்ற சின்ன டிஎன்ஏ துண்டு ஒட்டுகிற இடத்தையெல்லாம் பெருக்குவோம். 1990இல் வந்தது, செலவு குறைவு. ஆனால் ஒரு ஆய்வகத்தில் வந்த பட்டை இன்னொன்றில் வராமல் போகலாம். எஸ்எஸ்ஆர் முறையில் ‘ஜிஏஜிஏஜிஏ’ போலத் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு செடியில் அது பன்னிரண்டு முறை திரும்பும், இன்னொன்றில் பதினைந்து முறை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு அளவும் தனித்தனியாகத் தெரியும். போகன்வில்லாவில் சாதாரணமாக 34 குரோமோசோம். சில ரகங்கள் 51 உள்ள மும்மடியம், அதாவது இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம்; அப்படிப்பட்டவை பெரும்பாலும் விதை கட்டாது. அவற்றில் ஒரே இடத்தில் மூன்று அளவுகள்கூடத் தெரியலாம். அதனால் எஸ்எஸ்ஆர் ஓட்டும்போதே, இது மலடாக இருக்கலாம் என்ற குறிப்பும் சில சமயம் கிடைக்கும்.

பட்டைகளை எண்ணி ஒற்றுமை கணக்கிடுவோம். உதாரணத்துக்கு, இரண்டு செடிகளில் மொத்தம் நாற்பது பட்டை தெரிகிறது, அதில் முப்பது இரண்டிலும் இருக்கிறது என்றால் ஜக்கார்டு மதிப்பு, அதாவது பொதுவானதை மொத்தத்தால் வகுத்தது, 0.75. இப்படி எல்லாச் செடிக்கும் போட்டு, கிளை கிளையாக ஒரு மரவரைபடம் வரைவோம்.

இதில் ஸ்போர்ட் எங்கே விழும்? ‘மஹாரா’வுக்கும் ‘லாஸ் பான்யோஸ் பியூட்டி’க்கும் மாறியது சாய உற்பத்தியைச் சேர்ந்த ஏதோ ஒரு சிறு இடம். மீதி டிஎன்ஏ கிட்டத்தட்ட முழுக்க ஒன்று. நான் பத்துப் பதினைந்து இடங்களை எஸ்எஸ்ஆரில் பார்த்தால், அந்த இடம் அதில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆயிரம் பக்கப் புத்தகத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் தேட, அங்கங்கே பதினைந்து வரி படிப்பது மாதிரி அது. முடிவு என்ன வரும்? “ஒற்றுமை 1.00.” அண்ணா சொல்லும் விதிப்படி அடர்சிவப்பும் வெளிர் ரோஸும் ஒரே ரகம் என்று சீட்டு எழுத வேண்டும். கண்காட்சிக்கு வரும் ஐந்து வயதுக் குழந்தைகூட ஒத்துக்கொள்ளாது.

---

கோரிமேடு செம்மண் எழுதியது:

சரி, மார்க்கர் போதாது என்று வைத்துக்கொள்வோம். முழு மரபணுத்தொகுதியையும் படித்தால்? இப்போது அதன் செலவு எவ்வளவோ குறைந்துவிட்டதே. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிடித்துவிடலாம் அல்லவா?

---

சிதம்பரம் ஆய்வு எழுதியது:

பிடிக்கலாம். ஆனால் அப்போது வேறு பிரச்சினை வருகிறது. குச்சி நட்டு நட்டுப் பெருக்கும் செடியில், ஆண்டுக்கணக்கில், கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் செம்மண் செடிக்கும் தொட்டிச் செடிக்கும்கூடச் சில எழுத்துகள் வேறாக இருக்கும். எல்லா வித்தியாசத்தையும் எண்ணினால் ஒவ்வொரு தொட்டியும் தனி ரகமாகிவிடும். எந்த எழுத்து செதிலின் நிறத்தை மாற்றியது என்று தெரிந்தால்தான் அந்த வித்தியாசத்துக்குப் பொருள் உண்டு. அதைக் கண்டுபிடிக்க முதலில் நிறத்தை யாராவது ஒழுங்காகப் பார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம். வளர்நுனியில் அடுக்கடுக்காக செல் படலங்கள் இருக்கும். திடீர்மாற்றம் ஒரு படலத்தில் மட்டும் தங்கிவிட்டால் அந்தச் செடி கைமீரா. ஒரே கிளைக்குள் இரண்டு மரபு. இலையை மொத்தமாக அரைத்து டிஎன்ஏ எடுத்தால் இரண்டும் கலந்துதான் வரும். வெள்ளை விழுந்த இலை ரகங்களில் இது மிகவும் முக்கியம். ‘திம்மா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மேரி பால்மர்’ செடியில் இலைக்கு மஞ்சள் விழுந்து வந்த ஸ்போர்ட் அது. மார்க்கர் இரண்டையும் பிரிக்காமல் போகலாம். தெருவில் போகிறவர் பத்தடி தூரத்தில் பிரித்துவிடுவார்.

---

முத்தியால்பேட்டை வாத்தியார் எழுதியது:

நன்றாகச் சொன்னீர்கள் அம்மா. இதற்கு விதியே இருக்கிறது. சாகுபடித் தாவரங்களுக்குப் பெயர் வைப்பதற்கென்று ஒரு சர்வதேச நெறிமுறை உண்டு, முதலில் 1953இல் வெளிவந்தது. அதன்படி ஒரு ரகம் என்பது அதன் பண்புகளால் அடையாளம் காணப்படுவது. எங்கிருந்து வந்தது என்பது கணக்கில் இல்லை. அந்தப் பயிர்க் குழுவில் வழக்கமாகப் பயன்படும் எந்த வழியிலும் பிரித்துச் சொல்ல முடியாத இரண்டு செடிகள், தோற்றம் வேறாக இருந்தாலும், ஒரே ரகம். ஒரே தாயின் இரண்டு கிளைகள் நிலையாக வேறு நிறத்தில் பூத்து, குச்சி நட்டாலும் அதே குணம் வந்தால், இரண்டும் இரண்டு ரகம். கைமீராவும் ரகமாகலாம்.

போகன்வில்லாவின் ரகப் பெயர்களைப் பதிவு செய்யும் உலக மையம் நம் நாட்டில்தான் இருக்கிறது: புது தில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். பிரேசிலில் பிறந்த செடிக்குப் பெயர்ப் பேரேடு தில்லியில் இருப்பது நமக்குப் பெருமை இல்லையா? லக்னோவில் உள்ள தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் காமாக்கதிர் செலுத்தி ‘மஹாரா வேரிகேட்டா’, ‘லாஸ் பான்யோஸ் வேரிகேட்டா’ போன்ற ரகங்களை உருவாக்கியது. இவையெல்லாம் நம் நர்சரிகளில் பெயரில்லாமலோ தவறான பெயரிலோ கிடக்கின்றன.

2001ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்திலும் அடிப்படை இதுதான். புது ரகம் மற்றவற்றிலிருந்து வேறுபட வேண்டும், செடிக்குச் செடி ஒரே மாதிரி இருக்க வேண்டும், தலைமுறை தாண்டியும் அப்படியே நிலைக்க வேண்டும். மூன்றையும் வயலில் நட்டு, இலை நீளம், முள், பூ நிறம் என்று அளந்துதான் சோதிக்கிறார்கள்.

---

வண்டிப்பாளையம் நர்சரி எழுதியது:

எல்லாம் சரி, லாஸ்பேட்டை அம்மாவின் மூன்றாவது தொட்டியை மறந்துவிட்டீர்களே.

அம்மா, அந்த மெஜந்தாக் கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ‘மேரி பால்மர்’ சில சமயம் தன் குணத்தை விட்டு ஒரே நிறத்துக்குத் திரும்பும். அது செடியின் மேல்பாகத்தில், பழைய கிளையிலிருந்தே வரும். ஆனால் சிலர் அந்த ரகத்தைக் குச்சியாக நடாமல் ஒட்டுக் கட்டி விற்பார்கள். வேர்ப்பாகம் நாட்டு மெஜந்தா, மேலே மேரி பால்மர். அப்படி இருந்தால் ஒட்டுக்குக் கீழே இருந்து துளிர் வெடித்து, நீங்கள் சொன்ன மாதிரி வாட்டசாட்டமாக எழும்பி, மேலே உள்ளதை நசுக்கிவிடும். தண்டில் மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் முண்டு மாதிரி, அல்லது பட்டை நிறம் மாறுகிற இடம் இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். கிளையின் முள்ளையும் இலையையும் மேல்கிளையோடு வைத்துப் பாருங்கள். ஆராய்ச்சி அம்மா சொல்லட்டும், இங்கே டிஎன்ஏ உதவுமா?

---

சிதம்பரம் ஆய்வு எழுதியது:

இங்கேதான் அது உண்மையிலேயே உதவும் அண்ணா! அருமையான கேள்வி.

கிளை தன் பழைய குணத்துக்குத் திரும்பியது என்றால் எஸ்எஸ்ஆரில் மேல்பாகமும் அந்தக் கிளையும் ஒன்றாக வரும். வேர்ச்செடியிலிருந்து வந்தது என்றால் அது வேறு செடி, வேறு பெற்றோர்; ஐந்தாறு இடம் பார்த்தாலே பிரிந்துவிடும். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தில் தனி டிஎன்ஏ இருக்கிறது, பெரும்பாலான பூச்செடிகளில் அது தாய்வழி மட்டுமே வரும். அதைப் பார்த்தால் எந்தக் காட்டினத்துத் தாய் என்றுகூட ஓரளவு சொல்லலாம். அந்திமந்தாரையில் மஞ்சள் வெள்ளை இலையின் குணம் தாய்வழியாக மட்டும் போகிறது என்று காரல் கோரன்ஸ் 1909இல் காட்டியதும் இந்தக் குடும்பத்துச் செடியில்தான். வாத்தியார் ஐயா அந்திமந்தாரையைச் சொன்னபோதே இதைச் சொல்ல ஆசைப்பட்டேன்.

ஆகவே குடும்பம் எது, கலப்பு எது, வேர்ச்செடி எது, மூத்த செடிக்கும் அதன் பேரில் விற்பதற்கும் சம்பந்தம் உண்டா: இந்தக் கேள்விகளுக்கு மார்க்கர். ஒரே குடும்பத்துக்குள் எந்தக் கிளை எந்த ரகம் என்பதற்குக் கண்ணும் அட்டையும் லென்ஸும். இரண்டையும் கலந்து ஒரே மதிப்பெண்ணாகப் போடுகிற கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவை இரண்டு தனிக் கேள்விகளுக்குப் பதில்.

---

கடற்கரைச் சாலை நடை எழுதியது:

இடையில் நுழைகிறேன். செடி வளர்ப்பதில்லை, தினமும் நடப்பவன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது பழைய மதில்களில் படர்ந்திருந்த எத்தனையோ கொடிகள் மரங்களோடு சேர்ந்து விழுந்தன. பிறகு அதே இடங்களில் புதிதாக நட்டார்கள். இப்போது இருப்பவை பழைய ரகங்கள்தானா என்று யாராவது பார்த்திருக்கிறார்களா? நிறம் மட்டும் போதும் என்று எதையோ வைத்துவிட்டார்களோ என்று எனக்கு ஒரு ஏக்கம். அவை இந்த ஊரின் சொத்து அல்லவா?

---

முத்தியால்பேட்டை வாத்தியார் எழுதியது:

சொத்துதான் ஐயா. சொத்துக்குப் பதிவேடு வேண்டும். 1767இல் ரியோவில் இதைச் சேகரித்தவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமெர்சோன். பெயர் வந்தது அந்தக் கப்பல் பயணத்தின் தலைவர் புகான்வில்லிடமிருந்து. இந்த ஊருக்கும் அந்த நாட்டுக்கும் உள்ள உறவை நினைத்தாலே இந்தக் கொடிகளை விசாரிக்காமல் விட மனம் வராது.

புனித லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் உலர்தாவரத் தொகுப்பு உண்டு. அது பெரும்பாலும் காட்டுத் தாவரங்களுக்கானது. ஆனால் அந்த முறையை நாமும் பின்பற்றலாம். இன்று நிற்கும் பழைய கொடிகள் ஒவ்வொன்றிலிருந்தும் பூவோடு ஒரு சிறு கிளையை அழுத்திக் காயவைத்து, தேதி, இடம், புதிதாய் விரிந்த செதிலின் அட்டை எண் எல்லாம் எழுதி வைக்கலாம். காய்ந்தால் நிறம் மங்கிவிடும், அதனால்தான் எண்ணை அன்றே எழுத வேண்டும். முள்ளும் குழாய் மயிரும் நூறு வருடம் ஆனாலும் இருக்கும். காய்ந்த இலையிலிருந்து பின்னாளில் டிஎன்ஏ கூட எடுக்கலாம். இலையைத் தனியாகச் சிலிக்கா ஜெல்லில் போட்டு வைத்தால் இன்னும் நல்லது. வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் கிள்ள வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

லாஸ்பேட்டை மாடி எழுதியது:

பார்த்துவிட்டேன்! நர்சரி அண்ணா சொன்ன இடத்தில், மண்ணுக்கு நாலு விரல் மேலே, தண்டில் ஒரு பக்கம் தடித்து முண்டு இருக்கிறது. அதில் பழைய பிளாஸ்டிக் நாடாவின் துணுக்கு பட்டைக்குள்ளேயே புதைந்திருக்கிறது. மெஜந்தாக் கிளை அந்த முண்டுக்குக் கீழே இருந்துதான் கிளம்புகிறது.

இரண்டு கிளையின் இலையையும் வெயிலுக்கு எதிரே பிடித்து லென்ஸில் பார்த்தேன். மேல்கிளை இலையின் ஓரம் சுத்தமாக இருக்கிறது. கீழ்க்கிளை இலையின் ஓரம் முழுக்கச் சன்னமான வெள்ளை மயிர், விரலால் தடவினாலே தெரிகிறது. முள்ளும் அதில் நீளம், நுனி வளைந்திருக்கிறது. பூக்குழாயில் மயிர் எழுந்து நிற்கிறது. வாத்தியார் ஐயா சொன்ன ஸ்பெக்டாபிலிஸ் அடையாளம் அத்தனையும் பொருந்துகிறது. விற்றவர்கள் ஒட்டுச் செடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்படியென்றால் என் சீட்டுகள் இப்படி: முதல் இரண்டு தொட்டிக்கும் ‘மஹாரா’ என்று ஒரே பெயர், கீழே சின்ன எழுத்தில் ‘மணிலா மேஜிக் ரெட் என்றும் விற்கப்படுகிறது’. மூன்றாவதுக்கு ‘மேரி பால்மர், ஒட்டுச் செடி’. சரிதானே?

---

வண்டிப்பாளையம் நர்சரி எழுதியது:

சரியே சரி. கீழ்க்கிளையை இப்போதே அடியோடு எடுத்துவிடுங்கள். பாதியில் வெட்டினால் இரண்டாக வெடிக்கும். முளைத்த இடத்தில் பட்டையோடு சேர்த்துச் சீவிவிடுங்கள். வெட்டிய குச்சியைத் தூக்கிப்போட வேண்டாம். வேர்ச்செடிக்கு நல்ல குச்சி, பென்சில் தடிமனில் நறுக்கி மணலில் நட்டு வையுங்கள். ‘மஹாரா’வில் ஒரு தொட்டியை முன்னால் வைத்து, பக்கத்தில் ‘லாஸ் பான்யோஸ் பியூட்டி’ ஒன்றும் வையுங்கள். தாயும் மகளும் பக்கத்தில் நின்றால் ஸ்போர்ட் என்றால் என்ன என்று வருகிறவர்களுக்குச் சொல்லாமலே புரியும். என்னிடம் ஒன்று பூத்து நிற்கிறது, கண்காட்சிக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.

---

கோரிமேடு செம்மண் எழுதியது:

வண்ண அட்டைக்குக் குழுவில் பணம் சேர்ப்பதாக இருந்தால் என் பங்கை எழுதிக்கொள்ளுங்கள். பழைய கொடிகளின் பதிவேட்டுக்கு ஒரு விரிதாள் நான் போட்டுத் தருகிறேன்: வீதி, மதில் எண், முள், இலை மயிர், குழாய், அட்டை எண், அழுத்திய கிளையின் எண், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். மார்க்கருக்கும் ஒரு கட்டம் காலியாக விட்டுவைக்கிறேன். சிதம்பரம் தங்கை, சிலிக்கா ஜெல்லில் போடும் இலை எத்தனை கிராம் வேண்டும், தளிரா முற்றியதா?

---

சிதம்பரம் ஆய்வு எழுதியது:

தளிர்தான் அண்ணா. முற்றிய இலையில் வழவழப்பும் பிசுக்கும் அதிகம், டிஎன்ஏ சுத்தமாகப் பிரியாது. பூச்சி, பூஞ்சை இல்லாத மூன்று நான்கு இளம் இலை போதும். ஒரு கொடிக்கு ஒரு கவர், வெளியே பென்சிலால் எண். பேனா மை அழிந்துவிடும். இலையைப் போல் பத்து மடங்கு எடைக்கு ஜெல் இருக்க வேண்டும், நீலம் ரோஸாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். இரண்டு நிறத்தில் பூக்கும் கொடியாக இருந்தால் ஒவ்வொரு நிறக் கிளைக்கும் தனிக் கவர் போடுங்கள், கிளை மண்ணிலிருந்து எவ்வளவு உயரத்தில் கிளம்புகிறது என்பதையும் எழுதுங்கள்.